சுத்தபோசனம்

போன வாரம் மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். துணிப்பையைவிட மளிகைப் பைதான் பெரிதாக இருந்தது. ஆறு மாதமாக அவள் செடியில் விளைந்ததை மட்டும்தான் சாப்பிடுகிறாளாம். மீன், கோழியை விட்டது சரி. பாலும் கிடையாது, மோரும் கிடையாது, தேன்கூடக் கிடையாது. தேனீ பாவமாம். பெற்றவளைப் பார்த்து ஒரு நாளும் பாவம் என்று சொல்லாத பிள்ளை தேனீக்கு இரங்குகிறதே என்று நினைத்துக்கொண்டேன். வந்த பிள்ளையிடம் முதல் நாளே சண்டை எதற்கு?

ஆனால் சாயங்காலம் அடுப்படியில் அவள் ஒரு போத்தலைத் திறந்தாள். மூடி கழன்ற மறு நொடியே நான் கூடத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

"என்னடி அது?"

"தௌச்சும்மா. சோயா பீன்ஸ். பயத்தங்காய்ல போடப் போறேன்."

"சோயா பீன்ஸ் மட்டுந்தானா?"

"போத்தல்லயே எழுதியிருக்கு லா. படிச்சுப் பாருங்க."

படித்தேன். முதலில் மூக்குக்கண்ணாடியோடு, பிறகு கைப்பேசி விளக்கை அடித்து. சோயா, உப்பு, கோதுமை மாவு, தண்ணீர். பின்பக்கத்தைத் திருப்பி, எங்கே செய்தது, எப்போது கெடும் என்பதையும் படித்தேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

"நீங்க ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல வேலை செஞ்சிருக்கணும்மா" என்றாள் மகள்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் கூடத்தில் உட்கார்ந்துவிட்டேன். உப்பில் கிடந்து புளித்த அந்தச் சோயா மொச்சை வாசனை எனக்கு வெறும் வாசனை இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது. உங்களிடம் சொல்வதற்கென்ன, வீட்டில் யாரிடமும் இதை முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. பிறவியிலேயே கொஞ்சம் இருந்தது, மீதியைச் சம்பளம் கொடுத்து வளர்த்தார்கள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. காலையிலிருந்து மாலைவரை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவுகூட இல்லாத சில்லுகளில் கீறல் உண்டா, தூசி உண்டா, கம்பி விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை இருந்தால் சிவப்பு மையால் ஒரு பொட்டு. 'குறையில்லை என்று நிரூபணம் ஆகும்வரை அது குறையுள்ளதுதான்' என்று எங்கள் சூப்பர்வைசர் மலாயில் சொல்வார். அந்த வேலைக்கு அது நல்ல புத்திமதி. நான்தான் அதை வேலை முடிந்து கீலாங் பஸ், அதுதான் தொழிற்சாலை பஸ், ஏறும்போது அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரியாமல், வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீடு டவுனில், பழைய அடுக்குமாடி ஒன்றில் ஆறாவது மாடி. நீளமான பொது நடை, ஒரு பக்கம் வரிசையாகப் பதினோரு வீடுகள், மறுபக்கம் இரும்புக் கம்பியில் எல்லார் வீட்டுத் துணியும். அடுப்படிச் சன்னல்கள் நடையைப் பார்த்தபடி இருந்ததால் யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது மாடிக்கே தெரியும். எங்களுக்கு அடுத்த வீடு பிலோமினா அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. அவர் கணவர் ஆரோக்கியம் அண்ணன் துறைமுகத்தில் இருந்தார். வேதக்காரக் குடும்பம், ஞாயிறு தவறாமல் கோயில். எனக்குக் கல்யாணமாகி அந்த மாடிக்குப் போன முதல் நாளே, "சீனி இருக்கா, டீத்தூள் இருக்கா? இல்லாட்டி வெக்கப்படாம கேளு லா" என்று கதவில் வந்து நின்றவர். அப்போதும் நான், இவர் எதற்கு இவ்வளவு அன்பாக இருக்கிறார் என்று இரண்டு மாதம் யோசித்தேன்.

அப்படிச் சில வருடம் போன பிறகுதான் அந்த விபத்து. என் வீட்டுக்காரர் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் இரும்பு அறுக்கும் வேலையில் இருந்தார். தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் ஏறி அக்கரைக்குப் போய் வருவார். ஒரு நாள் அறுக்கும்போது தெறித்த தூள் இடது கண்ணில் ஏறிவிட்டது. அறுவை செய்து எடுத்தார்கள். பார்வை நிற்குமா, போகுமா என்று நான் கேட்க, சீன டாக்டர் "துங்கு டூலு" என்றார். பொறுத்துப் பார், அவ்வளவுதான். இரண்டு மாதமாவது ஆகும் என்றார். ஒற்றைக் கண்ணோடு பட்டறையில் யார் சேர்ப்பார்கள்?

நேரே முருகனிடம் போனேன். ஒரு மண்டலம் கவுச்சி தொட மாட்டேன், பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், அந்தக் கண்ணை மட்டும் விட்டுக்கொடு என்று வேண்டிக்கொண்டேன். சொல்வது சுலபம். எங்கள் வீடு, வெறும் ரசம் வைத்தாலும் பக்கத்தில் நெத்திலி இருக்க வேண்டிய வீடு. சைவத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பருப்பும் உருளைக்கிழங்கும். நாலு நாள் அதையே மாற்றி மாற்றிச் சமைத்தேன். ஐந்தாம் நாள் கண் கட்டோடு உட்கார்ந்திருந்த மனிதர், "எனக்குக் கண்ணுதானே தெரியல, நாக்கு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

நான் விரதம் ஆரம்பித்த மூன்றாம் நாள்தான் பிலோமினா அக்காவுக்குத் திருநீற்றுப் புதன், வேதக்காரர்களின் நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிற நாள். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தவர், என் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டு நடையிலேயே நின்று சிரித்தார்.

"நீயும் சாம்பல், நானும் சாம்பல். இனிமே ரெண்டு வீட்டுலயும் ஒரே சமையல்தான். வெள்ளிக்கிழமை நான் தர்றேன், நீ சமைக்காதே."

"அக்கா, நான் கவுச்சி..."

"தெரியும் லா. எங்களுக்கும் சுத்தபோசனம்தான். தைரியமா சாப்பிடு."

சுத்தபோசனம். கேட்பதற்கே எவ்வளவு சுத்தமான வார்த்தை! நான் அதைச் சுத்த சைவம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் வந்த பண்டங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு நாவூறுகிறது. ஏழு மணிக்கு அக்கா கதவைத் தட்டுவார், கையில் நீலப் பூப்போட்ட குழிவான பீங்கான் தட்டு ஒன்று மூடியோடு இருக்கும். முதல் வாரம் மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு. அடுத்த வாரம் கொண்டைக்கடலையை நொறுங்காமல் வேகவைத்துச் சோம்பும் தேங்காயும் அரைத்து ஊற்றிய கறி. மலாய்க்காரர்கள் கொண்டைக்கடலையைக் குதிரைக் கச்சாங் என்று சொல்வார்கள். கச்சாங் என்றால் அவர்களுக்கு மொச்சையும்தான், பயறும்தான், நிலக்கடலையும்தான். பெயரைத் தனித்தனியாக வைக்கச் சோம்பல்பட்டார்களோ என்னவோ. அதற்கடுத்த வாரம் தட்டைப்பயறும் பூசணியும். பிறகு சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பேயை மெல்லியதாக வறுத்து மிளகாயில் புரட்டியது. நான் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டேன். கேசரியோ, பச்சைப்பயற்றுக் கஞ்சியோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியோ போட்டுத்தான் தருவேன். எங்கள் மாடியில் யாரும் வெறும் பாத்திரம் திருப்பியதில்லை.

இதில் ஒரு தொல்லையும் இருந்தது. மொச்சையும் கடலையுமாகச் சாப்பிட்டுவிட்டு, தொழிற்சாலையின் தூசி புகாத அறையில், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். காற்றுக்கும் வழி கிடையாது, கௌரவத்துக்கும் வழி கிடையாது. பெருங்காயம் கூடுதலாகப் போடச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை வந்தது பயத்தங்காய். கூடவே சோயாப் பாலைக் கட்டியாக்கிய தௌகுவாவைப் பொரித்த துண்டுகள், காய்ந்த மிளகாய். மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி. சாப்பிட்டால் அப்படியொரு ருசி. உப்பும் உறைப்புமாக அடிநாக்கில் ஏதோ ஒன்று நின்று பேசியது. என் வீட்டுக்காரர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, "இது வெறும் காயி ருசி இல்லையே" என்றார். அவர் புகழத்தான் சொன்னார். எனக்கு அது கொக்கி போட்டது. அன்று இரவே வெறும் தட்டை முகர்ந்து பார்த்தேன்.

அடுத்த வாரம், தொழிற்சாலை உணவுக்கூடத்தில் எனக்கு எதிரே ஸ்டெல்லா வந்து உட்கார்ந்தாள். என் வரிசையிலேயே வேலை செய்கிறவள், அவளும் வேதக்காரப் பெண். தட்டில் முழுசாகப் பொரித்த கெம்போங் மீன்.

"உங்களுக்குத் தபசு காலமாச்சே, மீனு சாப்பிடற?"

"சாப்பிடலாமே. இது சுத்தபோசனம் லா. இறைச்சிதான் கூடாது, மீனு உண்டு."

எனக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. சுத்தபோசனத்தில் மீன் உண்டு! அப்படியானால் நெத்திலியும் உண்டு, கூனிறாலை இடித்துச் செய்த பெலாச்சானும் உண்டு. ஐந்து வாரமாக அக்கா 'சுத்தபோசனம்' என்று சொன்னாரே தவிர, 'மீன் இல்லை' என்று ஒரு நாளாவது சொன்னாரா? என் வேண்டுதல் என்ன ஆகும்? அவர் கண் என்ன ஆகும்?

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நடையில் போகும்போதெல்லாம் அக்கா வீட்டுச் சன்னல் பக்கம் மூக்கை நீட்டினேன். துணி காயப்போடுகிற சாக்கில் நின்று, அடுப்பில் எந்தச் சட்டி ஏறுகிறது என்று பார்த்தேன். மாடியில் திரிகிற ஒரு மஞ்சள் பூனை ஆரோக்கியம் அண்ணன் வருகிற நேரத்துக்கு அந்த வாசலில் போய் உட்காரும். மொச்சைக்குப் பூனை வருமா? இதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக் குப்பைப் பையைக்கூட, ஆமாம், காலால் தள்ளிப் பார்த்தேன். பயத்தங்காய்க் காம்பும் முட்டைக்கோஸ் தோலும்தான் இருந்தன. முள்ளைத் தனியாகக் கட்டிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நேரா போய்க் கேட்டுட வேண்டியதுதானே" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்களாக்கும்."

ஆறாவது வெள்ளிக்கிழமை அக்கா வழக்கம்போல வந்து தட்டினார். நான் கை நீட்டவில்லை.

"அக்கா, உங்க சுத்தபோசனத்துல மீனு உண்டுதானே?"

அவர் கொஞ்சம் திகைத்தார். "உண்டு. சாப்பிடலாம். ஆனா..." என்று ஆரம்பித்து, என் பின்னால் நாற்காலியில் கட்டோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஆனா என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் உனக்குக் கொடுத்ததுல மீனு இல்லம்மா."

"போன வாரம் அந்தப் பயத்தங்காயில?"

"அது தௌச்சு லா. வெறும் கச்சாங்."

"தௌச்சுல எல்லாரும் மீனைத்தானே சமைப்பாங்க. பெலாச்சான் போடலியா? மீனு பொரிச்ச சட்டி இல்லியா?"

"இல்ல."

"சத்தியமா?"

இப்போது அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு நான் முகத்தைப் பார்க்கவில்லை, குறையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். நான் சொன்னா போதாதா உனக்கு?"

போதாது. சத்தியம் செய்யத் தயங்குகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று என் மனதில் சிவப்புப் பொட்டு வைத்துவிட்டேன். அடுப்படிக்குப் போய், முந்தைய வாரத்துத் தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். வெறும் தட்டு. கழுவித் துடைத்த வெறும் தட்டு. ஒரு பிடி சீனிகூட நான் போடவில்லை, தெரிந்தேதான் போடவில்லை. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொண்டுவந்ததையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அன்று தட்டில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பங்குனி உத்திரத்தன்று பால்குடம் எடுத்தேன். தலையில் குடம், வயிற்றில் பயம். சன்னதிக்கு முன்னால் நின்றபோது சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. தெரியாமல் தின்றுவிட்டேன், என் மேல் தப்பில்லை, தந்தவர்கள் மேல்தான் தப்பு என்று முறையிட்டேன். சாமியிடம் போயும் கோள் சொன்னேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, டாக்டர் சுவரில் ஒட்டியிருந்த எழுத்துகளை இடது கண்ணால் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரைக்கும் படித்தார் என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் அழுதேன். பஸ்ஸில் வரும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு வந்துருச்சுன்னா உன் விரதம் கெடலைன்னுதானே அர்த்தம்? அப்ப அதுல மீனு இல்லதானே?"

"முருகனுக்குப் பெரிய மனசு. மன்னிச்சிட்டாரு" என்றேன்.

முருகன் என்னை மன்னித்துவிட்டார், நான் பிலோமினா அக்காவை மன்னிக்கவில்லை. என் நியாயம் எப்படிப் போயிற்று பார்த்தீர்களா! உள்ளுக்குள் எனக்கு விளங்கித்தான் இருந்தது. ஒரு கிண்ணம் பாயசத்தோடு போய் நின்றிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். நாளைக்குப் போகலாம், அடுத்த வெள்ளிக்கிழமை போகலாம் என்று தள்ளினேன். நடையில் எதிரே வந்தால் இரண்டு பேரும் துணிக்கம்பியைப் பார்த்தோம். அந்த வருடக் கடைசியில் அவர்கள் பட்டர்வொர்த் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். லாரியில் சாமான் ஏறியபோது நான் வீட்டில்தான் இருந்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லாதது போல இருந்தேன்.

ஒரு தைப்பூசத்துக்கு முன்னால், நாலைந்து வருடம் இருக்கும், லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை ஒன்றில் பயறு வாங்கிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலச் சாக்கில் கையை விட்டுப் புழு இருக்கிறதா என்று அடியிலிருந்து கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியம் அண்ணன். மெலிந்து, தலை முழுக்க நரைத்து, கையில் அரைக் கிலோ மொச்சை.

"இன்னும் மாறல நீ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "பிலோ இல்லம்மா. ரெண்டு வருஷம் ஆச்சு."

பயற்றுச் சாக்கிலிருந்து கையை எடுக்கக்கூட மறந்து நின்றேன்.

"உன் வீட்டுக்காரர் கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணே."

"அவ அதைக் கேட்டுக்கிட்டே இருப்பா. டவுனுக்கு யார் போனாலும் விசாரிச்சுட்டு வரச் சொல்லுவா." அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்த வருஷம் தபசுல நான் பட்ட பாடு இருக்கே! மீனை வீட்டுக்குள்ளயே விடல. அடுத்த வீட்டுத் தம்பி கண்ணுக்காக மீனையும் விட்டுட்டேன்னு வேண்டிக்கிட்டா. நாப்பது நாளும் நான் துறைமுகத்துச் சாப்பாட்டுக் கெடாயில மீனு தின்னுட்டு வருவேன். கையில ஒட்டுன வாசத்துக்குப் பூனை படியிலேருந்தே கூட வரும். வாயைக் கழுவிட்டு உள்ள வான்னு வாசல்லயே நிப்பாட்டுவா."

"எங்கிட்ட ஏண்ணே சொல்லல? நான் கேட்டேனே."

"சொல்லக் கூடாதாம். ஒருத்தருக்காகச் செய்யற ஒறுத்தலை அவங்க காதுல போட்டுட்டா பலிக்காதாம். நீ கேட்ட அன்னிக்கு உன் வீட்டுக்காரரு பின்னாலயே உக்காந்திருந்தாராமே. வாய்வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன்னா. அன்னிக்குச் சோறு திங்கல அவ."

கடைக்காரர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டார். நான் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வெயிலில் மார்க்கெட் ஸ்திரீட் முழுக்கக் கூட்டம், தைப்பூசத்துக்குப் பால்குடம் வாங்குகிறவர்கள். யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் சந்தேகம் தீர்ந்திருக்கும், அவருடைய வேண்டுதல் போயிருக்கும். என் முன்னால் குற்றவாளியாக நிற்பதே மேல் என்று நின்றிருக்கிறார். நான் அந்த மௌனத்துக்குத்தான் பொட்டு வைத்தேன்.

நாங்கள் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறோம். பதினோரு வீட்டுக்கும் இப்போது இரட்டைக் கம்பிக் கதவு, அடுப்படிச் சன்னல்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. அடுத்த வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களுக்குச் சாப்பாடு மோட்டாரில் வந்து, கம்பியில் பையாகத் தொங்குகிறது. எந்த வீட்டில் என்ன வேகிறது என்று மோந்து கண்டுபிடிக்க இந்த மூக்குக்கே இப்போது வேலையில்லை. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு யாரும் தட்டுவதில்லை.

மகள் சமைத்ததை அன்று நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்டோம். முடித்துவிட்டு அவர் சன்னலோரம் உட்கார்ந்து, பேத்தியின் சட்டைப் பொத்தானைத் தைக்க எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இடது கண்ணால்தான் கோத்தார். அது என் பால்குடத்துக்குக் கிடைத்த பார்வை என்று இருபது வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.